பிரேக்கில் முழு விசை: ஓட்டுநர் இருக்கையைச் சீராக்கும் வழிகளில் எது தகும்?

சென்னை மாநகரச் சாலைகளில் கார்களுக்கு மணிக்கு 60 கி.மீ. என்ற வேக வரம்பைப் போக்குவரத்துக் காவல் துறை 2023 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த வேகத்தில் ஒரு கார் வினாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர் ஓடுகிறது. முன்னால் போகும் ஷேர் ஆட்டோ கைகாட்டிய பயணிக்காகச் சட்டென்று நிற்கும்போது, உங்கள் கால் பிரேக் பெடலை அடைய 0.2 வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டால் 3.3 மீட்டர் வீணாகிறது. ஒரு சிறிய காரின் நீளத்தைவிடக் குறைவுதானே என்று தோன்றலாம். நல்ல டயரும் உலர்ந்த சாலையும் கொண்ட கார் ஒவ்வொரு வினாடியும் தன் வேகத்தில் வினாடிக்கு 7 மீட்டர் வீதம் இழப்பதாக வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். முறையாக பிரேக் பிடித்திருந்தால் கார் எங்கே நின்றிருக்குமோ, அந்த இடத்தை நீங்கள் இன்னும் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருப்பீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு; பலரும் கவனிக்காதது அதைத்தான். கால் உரிய நேரத்தில் பெடலை அடைந்துவிட்டது, ஆனால் அழுத்தம் முழுமையாக விழவில்லை என்று கொள்வோம். வேகம் குறையும் வீதம் 7 மீட்டருக்குப் பதிலாக 5 மீட்டராக இருந்தால், 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்பதற்கு 20 மீட்டர் போதுமான இடத்தில் 28 மீட்டர் தேவைப்படும். 20 மீட்டர் தொலைவில் தடை இருந்தால் மோதும் வேகம் மணிக்கு 32 கி.மீ. அளவில் இருக்கும். தாமதமாக மிதிப்பதைவிட அரைகுறையாக மிதிப்பது கூடுதல் தீங்கு செய்கிறது. 1996-இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம், அவசர நேரத்தில் பிரேக்கின் அழுத்தத்தைத் தானே கூட்டித் தரும் ‘பிரேக் அசிஸ்ட்’ அமைப்பை அறிமுகப்படுத்தியதற்கும் இதுவே காரணம்: ஆபத்து நேரத்தில் பெரும்பாலோர் பெடலை வேகமாகத் தொட்டாலும் போதிய அளவு அழுத்துவதில்லை.

ஆகவே, இருக்கையைச் சீராக்க என்னென்ன செய்யலாம் என்று ஒப்பிடும்போது, கால் எவ்வளவு விரைவில் பெடலை அடைகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அடைந்தபின் முழு விசையையும் செலுத்த உடலுக்குப் பிடிமானம் கிடைக்கிறதா என்பதை அதற்கும் மேலாக வைத்துப் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டுக்கும் ஏர்பேக்குக்கும் இடையூறு வருகிறதா, ஒரே காரை ஓட்டும் மற்றவர்களுக்கும் அது பொருந்துமா என்பவை அடுத்து வரும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் உதிரிப் பொருள் கடைகளில் கிடைக்கும் பல பொருள்கள் சொகுசைத் தருகின்றன. விசை என்ற தேர்வில்தான் அவை தோற்கின்றன.

இருப்பதையே ஒழுங்காக அமைத்தல்

பணம் செலவாகாத இந்த வழிக்கு நான் முதலிடம் தருகிறேன். அதனால்தானோ என்னவோ, இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. இடுப்பு இருக்கையின் பின்மூலையைத் தொடும்படி உட்கார்ந்து, வலக்காலின் முன்பாதத்தால் பிரேக்கைக் கடைசி வரை அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடிந்தே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் இருக்கையின் முன்பின் தொலைவு சரி. முழங்கால் நீண்டு நேராகிவிட்டால் தொடைத் தசை செலுத்த வேண்டிய விசையைக் கணுக்கால் மட்டும் செலுத்த வேண்டியிருக்கும். அது அந்த வேலைக்குப் போதாது. கார் பிரேக்குகளுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் விதி, சோதனையின்போது பெடலில் 500 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. அது ஏறத்தாழ 50 கிலோ எடையைத் தூக்கும் விசை. அன்றாட ஓட்டத்தில் அதில் சிறு பகுதியே போதும் என்பதால், தவறான இருக்கை நிலை பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாமலே இருந்துவிடுகிறது.

முதுகுச் சாய்வு அதைவிட முக்கியமானது. காலால் பெடலைத் தள்ளும்போது பெடலும் உடலைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அந்த எதிர்விசையைத் தாங்குவது முதுகுச் சாய்வுதான். சாய்வு செங்கோணத்தைவிடச் சற்றே அதிகமாக, 100 முதல் 110 பாகை வரை இருந்தால் உடல் அதில் ஊன்றி நிற்கும். மகாபலிபுரம் நோக்கி ஓய்வாகப் போகும் பாணியில் மல்லாந்து சாய்ந்திருந்தால், அதே விசை உடலைச் சாய்வின் மேல் மேல்நோக்கி வழுக்கச் செய்யும். பெடலுக்குப் போக வேண்டிய விசையில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும். தோள் சாய்வைத் தொட்டபடி இருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிந்தால் சாய்வு சரியாக இருக்கிறது எனலாம். மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் அறிவுரை. விரியும் ஏர்பேக்குக்கு அந்த இடைவெளி தேவை.

இங்கே ஒரு சிறிய வியப்பைச் சொல்ல வேண்டும். கிளட்ச் உள்ள காரில், கிளட்சைத் தரை வரை அழுத்த வேண்டியிருப்பதால் ஓட்டுநர் தன்னையறியாமலே இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொள்கிறார். பழைய மகாபலிபுரம் சாலையின் (ஓ.எம்.ஆர்.) நெரிசலுக்கு அஞ்சி ஆட்டோமேட்டிக் காருக்கு மாறியவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இடக்கால் ஓய்வெடுக்கிறது, வலக்கால் ஆக்சிலரேட்டரை வருடுவதற்கு எந்தத் தொலைவும் போதும், எனவே இருக்கை மெல்ல மெல்லப் பின்னுக்குப் போகிறது. ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுபவர்கள்தாம் இந்த அமைப்பை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சரியாக அமைந்ததா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வழக்கமான பெட்ரோல், டீசல் கார்களில் பிரேக்குக்குத் துணை செய்வது எஞ்சினிலிருந்து கிடைக்கும் வெற்றிடம். சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலை நாலைந்து முறை மிதித்தால் அந்தத் துணை தீர்ந்து பெடல் கல்லாக இறுகும். அப்போது இருக்கும் பலமெல்லாம் கொடுத்து அழுத்திப் பாருங்கள். இடுப்பு மேலே எழும்பினாலோ, முதுகு பின்னால் அமிழ்ந்தாலோ, குதிகால் தரையில் வழுக்கினாலோ உங்கள் விசை எங்கே கசிகிறது என்பது தெரிந்துவிடும். கீழே பேசப்படும் ஒவ்வொரு பொருளையும் வாங்குவதற்கு முன்னும் பின்னும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம்.

குஷன்களும் உறைகளும்

இவை மலிவு, உடனே கிடைப்பவை, கழற்றி மாட்டத் தகுந்தவை. ஆனால் ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் இவை ஒரே வகை அல்ல. முதுகுக்கு வைக்கும் மென்மையான நுரைத் தலையணையை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்திலிருந்து சிறுசேரி வரை நெரிசலில் போய்வரும் இடுப்புக்கு அது தரும் இதம் உண்மையானது. ஆயினும் பலமாக பிரேக் அழுத்தும் கணத்தில், முதுகுக்குப் பின்னால் தலையணையை வைத்துக்கொண்டு கனத்த பீரோவைக் காலால் தள்ளுவது போன்ற நிலை உருவாகிறது: முதலில் தலையணை நசுங்கும், பிறகுதான் பீரோ நகரும். கூடவே, தடித்த தலையணை உடலை முன்னுக்குத் தள்ளுவதால் ஸ்டீயரிங் இடைவெளியும் குறைகிறது. இடுப்பு வலி உள்ளவர்கள் கெட்டியான, மெல்லிய தாங்கியைத் தேர்ந்தெடுத்து, அதை வைத்தபின் இருக்கையின் முன்பின் தொலைவை மறுபடி சரிசெய்துகொள்வது நல்லது.

உட்காரும் பகுதிக்கான குஷன் உயரம் குறைந்தவர்களுக்குத் தேவைப்படுகிறது. 150 செ.மீ. உயரமுள்ள ஒருவர், உயர்த்தும் வசதி இல்லாத காரில் டேஷ்போர்டுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஓட்டுகிறார். அவருக்கு உயரம் கிடைப்பதால் வரும் ஆதாயம் காலில் மட்டுமன்று, கண்ணிலும் இருக்கிறது. முன்னால் போகும் காருக்கும் முன்னே இருக்கும் இருசக்கர வாகனம் மெதுவாவதை முன்கூட்டியே காண முடிகிறது. சாலை வடிவமைப்பு நெறிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ், ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, முடிவெடுத்து, பிரேக் மிதிக்கத் தொடங்கும் வரை 2.5 வினாடி என்று கணக்கில் கொள்கிறது, 60 கி.மீ. வேகத்தில் அது 42 மீட்டர். இந்த நேரத்தில் கால் நகர்வதற்கு ஆவது சிறு பங்கே. காண்பதற்கும் முடிவெடுப்பதற்கும் ஆவதே பெரும்பங்கு. ஆகவே உயரம் குறைந்தவருக்குக் குஷன் ஒரு நல்ல முதலீடு, சில நிபந்தனைகளுடன்.

குஷன் கெட்டியாக இருக்க வேண்டும். அடியில் வழுக்காத பரப்பு வேண்டும். பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் சரியும் ஆப்பு வடிவமே ஏற்றது. முன்பக்கம் தடித்திருந்தால் அது தொடையின் அடிப்பகுதியைத் தூக்கி, பெடலைக் கீழே அழுத்துவதற்கு எதிராகவே வேலை செய்யும். உயர்ந்தபின் குதிகால் தரையில் ஊன்றுகிறதா என்பதைப் பார்த்தே ஆக வேண்டும். தொங்கும் குதிகாலுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குத் திரும்புவது மெதுவானது, குறி தவறவும் செய்யும். மிகத் தடித்த குஷன் இன்னொரு கேட்டையும் கொண்டுவருகிறது. சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டியது. குஷன் நசுங்கும்போது உடல் பெல்ட்டின் அடியில் வழுக்கி, பட்டை வயிற்றின் மேல் ஏறிவிடலாம்.

வாடகைக் கார்களில் பரவலாகக் காணப்படும் மர மணி உறை சென்னையின் வெயிலுக்குக் காற்றோட்டம் தருகிறது. ஆனால் அது வழுக்கும். கடுமையாக பிரேக் பிடித்தால் இடுப்பு முன்னோக்கி நழுவி, ஓட்டுநர் தன் பிடிமானத்தை இழப்பார். இருக்கையில் விரிக்கும் துண்டுக்கும் இதுவே பொருந்தும். மேலும், இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் பொருத்தப்பட்ட கார்களில் அதற்கென வடிவமைக்கப்படாத முழு உறை ஏர்பேக் விரிவதைத் தடுக்கக்கூடும். நகரில் கார் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு வெயிலில் வியர்க்காமல் இருப்பதும் வாழ்க்கைப் பிரச்சினைதான் என்பதை மறுக்கவில்லை. அவர்களுக்குத் துளையிட்ட, இழுத்துக் கட்டப்பட்ட துணி உறை இரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக இருக்கும்.

இருக்கையையே மாற்றுதல்

காரின் உயர்ந்த வகையில் வரும், உயரம் கூட்டிக் குறைக்கும் இருக்கையைப் பழைய உதிரிப் பொருள் சந்தையான புதுப்பேட்டையில் தேடிப் பிடித்துத் தங்கள் அடிப்படை வகைக் காரில் பொருத்திக்கொள்ளச் சிலர் எண்ணுகிறார்கள். இளைஞர்கள் சிலருக்கு, உடலை இருபக்கமும் அணைத்துப் பிடிக்கும் பந்தயக் கார்களின் பக்கெட் இருக்கை மேல் ஆசை. விசை என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் கெட்டியான பக்கெட் இருக்கையை வெல்ல எதுவும் இல்லை. இருந்தும் பொதுச்சாலையில் ஓடும் காருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இருக்கை, அதன் தண்டவாளம், பெல்ட் கொக்கி, அதனுள் உள்ள உணரி ஆகியவை மோதல் சோதனையில் ஒன்றாகவே தேறியவை. ஒன்றை மாற்றினால் மற்றவை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பழைய இருக்கை முன்பே ஒரு விபத்தில் வளைந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதும் கடினம். சட்டமும் குறுக்கே நிற்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் அளித்த அடிப்படை விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. விபத்துக்குப்பின் காப்பீட்டு நிறுவனம் கேட்கக்கூடிய முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கும். புதிய கார் வாங்கும் நிலையில் இருப்பவர்கள் மட்டும், தொடுதிரையும் சூரியக் கூரையும் உள்ள வகைக்குப் பணம் கொடுப்பதற்கு முன், இருக்கை உயரமும் ஸ்டீயரிங்கின் முன்பின் நகர்வும் உள்ள வகையைக் கேட்டுப் பார்ப்பது பயன் தரும்.

பெடல், மேட், செருப்பு

இருக்கையைப் பற்றிய கட்டுரையில் இவை ஏன் என்று கேட்கலாம். ஓட்டுநரின் இடுப்பிலிருந்து பெடல் வரை விசை போகும் பாதை ஒன்றே. அதன் மறுமுனை வழுக்கினால் இருக்கைக்குச் செய்த செலவு வீண். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ரப்பர் செருப்போடு, தேய்ந்து மழுங்கிய பெடல் ரப்பரை மிதிப்பதை எண்ணிப் பாருங்கள். தேய்ந்த பெடல் ரப்பரை மாற்றுவது மிகச் சிறிய செலவு. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் வாங்கத்தக்க பொருள்களில் செலவுக்கேற்ற பலன் கூடுதலாகத் தருவது அதுவே. அதற்குப் பதிலாகப் பளபளக்கும் அலுமினிய உறையைப் பெடல் மேல் ஒட்டுவது நேர்மாறான செயல். ஈரத்தில் அது வழுக்கும்; அதன் தடிப்பு பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் இடையிலான உயர வேறுபாட்டைக் கூட்டி, காலை இன்னும் உயரத் தூக்க வைக்கும்.

கால்மிதியான மேட்டின் மேல் இன்னொரு மேட் போடும் வழக்கத்தை அறவே விட வேண்டும். 2009-இல் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்கு, நழுவிய மேட்டில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொள்ளும் ஆபத்து ஒரு காரணம். நம்மூரில் இதற்கு உறவான இன்னொரு பழக்கமும் உண்டு. செருப்பைக் கழற்றிக் காலருகே போட்டுவிட்டு வெறுங்காலில் ஓட்டுகிறார்கள். அந்தச் செருப்பு உருண்டு பிரேக்கின் அடியில் போய்ச் சேர்ந்தால் எந்த இருக்கையும் காப்பாற்றாது. கழற்றுவதென்றால் பின் இருக்கைக்கு அனுப்பிவிடுங்கள். குதிகாலில் பட்டை உள்ள, மெல்லிய அடி கொண்ட காலணியே இதற்கு ஏற்றது.

கால் மிகக் குட்டையானவர்களுக்கான பெடல் நீட்டிப்புக் கருவிகளும் விற்கின்றன. ஸ்டீயரிங்குக்கு 25 செ.மீ. இடைவெளி விட்டால் பெடல் எட்டவில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு அவை உண்மையான தீர்வாகலாம். ஆனால் திருகு தளர்ந்தால் வரும் கேடு பெரிது. அதே காரை ஓட்டும் உயரமானவருக்கு அவை இடைஞ்சல். உடற்குறை உள்ளவர்களுக்காக வாகனத்தை மாற்றியமைக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு என்பதால், தேவைப்படுபவர்கள் ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு தேர்ந்தவர்களிடம் செய்துகொள்வதே முறை.

தானே பிரேக் பிடிக்கும் கார்

தடையைக் கண்டு தானே பிரேக் பிடிக்கும் அமைப்புள்ள கார்கள் இப்போது நடுத்தர விலையிலேயே வந்துவிட்டன. மேலே சொன்ன 2.5 வினாடியில் பெரும்பங்கை இயந்திரம் விழுங்கிவிடுவதால், நேரத்தை மட்டும் பார்த்தால் எந்தக் குஷனும் இதன் அருகில் வர முடியாது. ஆனால் இருக்கைப் பிரச்சினைக்காகக் காரையே மாற்றுவது பெரும்பாலோருக்கு இயலாத காரியம். மாதவரம்–சிறுசேரி மெட்ரோ பணித் தடுப்புகளுக்கு இடையே இருசக்கர வாகனங்கள் குறுக்கும் நெடுக்கும் நுழையும் சாலையில், சிலர் எச்சரிக்கை ஒலியின் தொல்லை தாங்காமல் அந்த அமைப்பையே அணைத்துவிடுகிறார்கள். பிரேக் அசிஸ்ட் மட்டும் உள்ள கார்களில் வேறொரு நுட்பம் இருக்கிறது: பெடல் எவ்வளவு வேகமாக அழுத்தப்படுகிறது என்பதைக் கொண்டே அது அவசரத்தை உணர்கிறது. நீட்டிய காலும் சாய்ந்த முதுகுமாக உட்கார்ந்திருப்பவரின் தயங்கிய மிதியை அது அவசரம் என்று கொள்ளாமல் போகலாம். இயந்திர உதவி இருந்தாலும் உட்காரும் முறை பொருட்டல்ல என்று ஆகிவிடாது.

யார் எதைத் தேர்வது

நடுத்தர உயரமும் அதற்கு மேலும் உள்ளவர்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. இருக்கையை முன்னிழுத்து, சாய்வை நிமிர்த்தி, பெடல் ரப்பரைப் பார்த்துக்கொண்டால் போதும். முதல் வாரம் நெருக்கமாக உட்கார்ந்திருப்பது போலவே தோன்றும். தொடை பழகியதும் அந்த எண்ணம் மறையும். உயரம் குறைந்தவர்கள், உயர்த்தும் வசதி இருந்தால் அதையும், இல்லையென்றால் கெட்டியான ஆப்பு வடிவக் குஷனையும் பயன்படுத்தி, எஞ்சினை அணைத்துச் செய்யும் சோதனையில் தேறினால் வைத்துக்கொள்ளட்டும். தேறாவிட்டால் இன்னும் மெல்லியதாக ஒன்றைப் பார்க்கலாம்.

கணவன், மனைவி, கல்லூரி செல்லும் மகன் என மூவர் ஒரே காரை ஓட்டும் வீடுகளில்தான் சிக்கல் கூடுதல். அங்கே நிலையாகப் பொருத்தும் எதுவும் உதவாது. ஒவ்வொருவரும் தம் இருக்கை தண்டவாளத்தின் பின்கடைசியிலிருந்து எத்தனையாவது பூட்டுப் பல்லில் நிற்கிறது என்று எண்ணி வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்புமுன் அங்கே கொண்டுவருவதே நடைமுறைக்கு ஒத்தது. அவசரத்தில் மற்றவரின் அமைப்பிலேயே காரை எடுத்துக்கொண்டு கிளம்புவதும், கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறியபின் ஓடும் காரில் இருக்கையை நகர்த்த முயல்வதும் மிக ஆபத்தானவை. தண்டவாளத்தின் பூட்டு சரியாக விழாத இருக்கை, பிரேக்கை அழுத்தும் அதே கணத்தில் பின்னோக்கி ஓடிவிடும். இருக்கையை நகர்த்தியபின் உடலை ஒருமுறை முன்னும் பின்னும் அசைத்து, பூட்டு விழுந்த ஒலியைக் கேட்டபின் பெல்ட்டை மாட்டுங்கள்.

இரண்டு ஷிப்ட்களில் ஓட்டுநர் மாறும் வாடகைக் கார்களுக்கும் இதே விதிதான். அவற்றின் உரிமையாளர்கள் மணி உறைக்கு ஒதுக்கும் பணத்தில் தேய்ந்த தண்டவாளப் பூட்டையும் அமிழ்ந்துபோன இருக்கை நுரையையும் முதலில் சரிபார்க்க வேண்டும். பல ஆண்டு ஓடிய காரில் நுரை இறங்கிவிட்டால் ஓட்டுநரின் கண்ணும் தாழ்கிறது, தொடையின் பிடிமானமும் போகிறது. மூல வடிவத்திலேயே நுரையை மட்டும் புதுப்பித்துத் தரும் சீட் வேலைக்காரர்கள் நகரில் இருக்கிறார்கள். பக்கவாட்டு ஏர்பேக் இல்லாத பழைய கார்களுக்கு அது குஷனைவிட நல்ல செலவு.